சாவிக்கொத்தும் சம்பளச் சீட்டும்

"வீட்டைக் கொண்டுபோய்க் கம்பெனிக்காரனிடம் ஒப்படைப்பதா? அது என்ன வீடா, லாட்ஜா?"

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்கிறவர் குரலில் தர்ம ஆவேசம் தொனிக்கிறது. பெற்ற தாயைக் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாற்போல் முகம் சிவக்கிறது. ஆனால் இப்படிச் சிவக்கிற முகங்களில் அநேகம் அந்த வீடுகளில் குடியிருக்கும் முகங்கள் அல்ல. அவை சென்னையில் இருக்கின்றன; கோயம்புத்தூரில் இருக்கின்றன; சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. வீட்டிலே இருப்பவர் வேறொருவர். அவரை இந்த விஷயத்தில் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

இவர்கள் எதிர்க்கும் காரியம் அப்படியொன்றும் பயங்கரமானது அல்ல. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுவாசலை மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் நம் பெரிய நகரங்களில் தோன்றிப் பல வருஷங்களாகிவிட்டன. ஆள் அனுப்பிக் கூட்டுவது, வரி கட்டுவது, மின்சாரக் கட்டணம் செலுத்துவது, ஒழுகுகிற இடத்தைப் பார்த்து ஆசாரியையோ கொத்தனாரையோ கூப்பிடுவது, செய்ததற்குக் கணக்குக் காட்டுவது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. இதையே காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கும் முறையாகச் செய்யச் சொன்னாலென்ன என்று ஒரு பங்காளி கேட்டுவிட்டால் மற்றப் பங்காளிகள் அவர்மேல் பாய்கிறார்கள். "நமக்கு அங்கே நம்பிக்கையான ஆள் இருக்கான்" என்கிறார்கள். அந்த நம்பிக்கையான ஆளைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீடுகளைப் பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று 70-க்கு மேற்பட்ட ஊர்களில் இந்த வீடுகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இரண்டாவது உலக யுத்தம் வரையில், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து கட்டியவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடியில் வார்த்த பூக்கல், சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்துக் கண்ணாடிபோல் பளபளக்கும் சுவர். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களும் சேர்ந்தன. சேர்ந்ததற்காக ஓர் ஓடுகூட மாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். பட்டியல் பட்டியல்தான்; ஒழுகல் ஒழுகல்தான்.

இத்தனை பெரிய வீட்டுக்கு வருஷத்தில் எத்தனை நாள் விளக்கு எரிகிறது? பொங்கல், படைப்பு, ஒரு கல்யாணம், ஒரு சாந்தி. மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். பூட்டிய வீட்டை எவனும் எடுத்துக்கொண்டு போய்விடப் போவதில்லை என்று உடையவர் நினைக்கிறார். திருடனைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான், மழை. குரங்கோ மயிலோ ஓடி ஓர் ஓட்டை நகர்த்திவிடும். ஐப்பசியில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். யாரும் மேலே ஏறிப் பார்க்காவிட்டால் கைமரம் நனையும், சட்டம் உளுக்கும், மூன்றாவது மழைக்கு அந்த இடமே தொங்கும். கைப்பிடிச் சுவரில் காக்கை போட்ட ஆலவிதை முளைக்கும். விரல் அளவில் இருக்கும்போது பிடுங்கினால் அரை நிமிஷ வேலை. பத்து வருஷம் விட்டால் வேர் சுவரைப் பிளந்து, சுவரை இடித்துத்தான் மரத்தை எடுக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு வந்த ஒரு கொத்தனார் சுண்ணாம்புச் சுவரில் சிமென்டைப் பூசிவிட்டுப் போவார். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுவரையும் சேர்த்து உதிர்க்கும். இதெல்லாம் ஒரு ராத்திரியில் நடப்பதல்ல. யாராவது மாதம் ஒரு முறை, இன்னின்ன இடத்தைப் பார்க்க வேண்டுமென்று தெரிந்து பார்த்தால் நடக்கவே நடக்காது.

அந்த யாராவது யார்? நம்பிக்கையான ஆள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். இரண்டு கட்டு, மேல்மாடி, எண்ணினால் நாற்பது அறைக்குக் குறையாது. காவலுக்கு ஒரு கிழவரும் அவர் மனைவியும் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். மாதச் சம்பளம் நாலாயிரம் ரூபாய். அதுவும் பங்காளிகளில் ஒருவர் அனுப்ப மறந்தால் மூவாயிரம். பொங்கலுக்கு வேட்டி சேலை. இதற்கு அவர்கள் இருவரும் சேர்ந்து வளவைக் கூட்ட வேண்டும், ராத்திரி காவல் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும், வந்து இறங்குகிற பேரன்மாருக்குத் தண்ணீர் சேந்திக் கொடுக்க வேண்டும். ஓட்டின்மேல் ஏறவும் வேண்டும். அறுபத்தெட்டு வயது மனிதர்! "எங்க ஐயா காலத்திலிருந்து இருக்கார், குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி" என்று உடையவர்கள் எல்லோரும் உருகினார்கள். குடும்பத்தில் ஒருத்தர் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவர் பேர் இருக்கிறதா என்று நான் கேட்டேன். பேச்சு சினிமாப் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு வருஷம் படைப்புக்கு எல்லோரும் கூடியபோது, சாமான் அறையில் இருந்த பெரிய பித்தளை அண்டா ஒன்றையும் ஜோடிக் குத்துவிளக்கையும் காணவில்லை. சாமான்களுக்குப் பட்டியல் கிடையாது. கடைசியாக யார் பார்த்தார்கள் என்பதற்கும் எழுத்து கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று, கிழவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து. எல்லோருடைய கண்ணும் அங்கே போயிற்று. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்று மட்டும் பத்துப் பேர் பத்துத் தரம் சொன்னார்கள். "ஆச்சி, நான் எடுக்கலை. சின்னவுக போன வருஷம் வந்து கதவைத் திறக்கச் சொன்னாக, திறந்தேன். அம்புட்டுத்தான் தெரியும்" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'சின்னவுக' என்றதும் இரண்டு குரல் உயர்ந்தன. ஐந்து மாதம் கழித்து அண்டா அகப்பட்டது. சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் அதன்மேல் கண்ணாடி போட்டு மேஜையாக்கியிருந்தார்கள். கிருகப்பிரவேசப் புகைப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் கிழவர் வேலையை விட்டுவிட்டு மகளோடு பரமக்குடிக்குப் போய்விட்டார். யாரும் அவரை அனுப்பவில்லையாம், அவராகவே போய்விட்டாராம். இதையும் என்னிடம் ஒரு நற்சாட்சிப் பத்திரம் போலச் சொன்னார்கள்.

விசுவாசத்துக்கு ரசீது கிடையாது என்பதுதான் அதிலுள்ள தொல்லை. எல்லாம் சரியாக இருக்கும்வரை அது உடையவருக்கு லாபம். ஒரு சாமான் குறைந்துவிட்டால் அது சாவி வைத்திருப்பவன் தலையில் விடிகிறது. மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், இதே சிவகங்கைச் சீமையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2025 ஜூன் மாதம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞரிடம், காரில் வைத்த நகை காணோம் என்ற புகாரின் பேரில் போலீஸார் விசாரணை நடத்தினார்கள். அந்த விசாரணையிலேயே அவர் உயிர் போயிற்று. போலீஸ்காரர்கள் கைதானார்கள், நாடே கொதித்தது. கோயில் வேறு, வீடு வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பொருள் காணாமல் போனதும் முதல் சந்தேகம் யார் வாசலில் போய் நிற்கிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். திருடன் வந்தால் முதல் வெட்டும் அவருக்குத்தான். 2017 ஏப்ரலில் நீலகிரியில் கொடநாடு எஸ்டேட் பங்களாவுக்குள் ஒரு கூட்டம் புகுந்தபோது கொல்லப்பட்டவர் ஒரு காவலாளி. பங்களாவில் என்ன இருந்தது, எது போயிற்று என்று ஊர் பல வருஷம் பேசிற்று. அவரைப் பற்றிப் பேசியது சொற்பம்.

இப்போது அந்த "லாட்ஜா?" என்ற கேள்விக்கு வருகிறேன். வாடகைக்கு ஆள் வைத்து நிர்வாகம் செய்வது வெள்ளைக்காரன் பழக்கமாம். நம் மரபு நம்பிக்கையாம். இதைச் சொல்கிறவர் நகரத்தார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அவருக்குத் தம் பாட்டனாரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றே அர்த்தம்.

இந்த வீடுகளைக் கட்டிய பணம் எப்படி வந்தது? முதலாளி காரைக்குடியில் இருந்தார். கடை ரங்கூனில் இருந்தது. நடுவே கடல். அங்கே கடையை நடத்தியது சம்பளத்துக்குப் போன மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்குக் கீழே பெட்டியடிப் பையன். புறப்படும் முன்பே சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. மூன்று வருஷக் கணக்கு, இன்ன சம்பளம், அதில் இவ்வளவு முன்பணம், குடும்பம் சாப்பிட. திரும்பி வந்து கணக்கு ஒப்பித்தால், நன்றாக நடத்தியவருக்கு மேற்கொண்டு வெகுமானம். அன்றன்றைக்குச் சிட்டை, பிறகு பேரேடு, அதிலிருந்து ஐந்தொகை. அது கப்பலேறி முதலாளி வீட்டுக்கு வந்தது. முதலாளி முகப்பில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் பார்த்தார். சொந்தக்காரன் போக முடியாத இடத்தில் சொத்தைக் கூலிக்கு ஆள் வைத்து நிர்வகிக்கும் கலையில் இவர்களை மிஞ்சியவர்கள் ஆசியாவிலேயே குறைவு. 1930-களின் விலைவீழ்ச்சியில் கடன் வாங்கிய பர்மாக் குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார் கைக்கு வந்தது. அதன் நியாய அநியாயத்தைப் பற்றிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அது வேறு கட்டுரை. இங்கே நான் சொல்ல வருவது, அவ்வளவு பெரிய ஆஸ்தியையும் சம்பளச் சீட்டு வாங்கிய ஆட்கள்தாம் நிர்வகித்தார்கள் என்பதே.

அங்கே நம்பிக்கை இல்லையா? இருந்தது, மலை மலையாக இருந்தது. ஆனால் நம்பினார்கள் என்பதற்காக எழுதாமல் விடவில்லை. தம்பி மகனையே மேலாளாக அனுப்பினாலும் சீட்டு எழுதித்தான் அனுப்பினார்கள். ரங்கூன் கடைக்கு ஐந்தொகை கேட்ட வம்சம், சொந்த வீட்டின் காவல்காரருக்கு ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறது. அதற்கு மரபு என்று பெயரும் வைக்கிறது. நான் மரபைத்தான் கேட்கிறேன் ஐயா, முழுசாகக் கேட்கிறேன்.

காகிதம் எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பயம். "எழுதிக் கொடுத்தால் நாளைக்கு 12 வருஷம் இருந்தேன், இடம் எனக்கே சொந்தம் என்று கோர்ட்டுக்குப் போவான்." 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருஷம் என்று ஒரு கணக்கு இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் அது உடையவரை எதிர்த்து, எனக்கே உரிமை என்று அனுபவித்து வந்தவனுக்கு. உடையவர் சார்பில் காவல் இருந்தவருக்கு அல்ல. கோவாவில் ஒரு வீட்டைப் பற்றிய வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. காவல்காரரோ வேலைக்காரரோ பராமரிப்பவரோ எத்தனை காலம் இருந்தாலும், அந்த இருப்பினாலேயே சொத்தில் உரிமை பெற முடியாது. 2021-லும் அதையே திரும்பச் சொல்லிற்று. அப்படியானால் சம்பளம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய காகிதம் யாருக்கு அரண்? இவர் என் சம்பளக்காரர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? எழுதாதவர்தான் பயப்பட வேண்டும்.

பங்காளிகள் விவகாரம் தனி. அப்பச்சி கட்டிய வீட்டுக்கு இன்றைக்கு இருபது புள்ளி, முப்பது புள்ளி. ஆளுக்கோர் அறை, அறைக்கொரு பூட்டு. பூட்டுக்குள்ளே இருப்பது அவரவருக்கு. கூரை எல்லோருக்கும் பொது, ஆகவே யாருக்கும் இல்லை. ஓடு மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் "பெரியவர் சொல்லட்டும்" என்பார். பெரியவர் "அமெரிக்காக்காரன் அனுப்பட்டும்" என்பார். அமெரிக்காக்காரர் வாட்ஸப்பில் ஒரு கும்பிடு அனுப்புவார். கடைசியில் சண்டை போடாமல் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தீர்மானம், வீட்டைப் பிரித்து விற்பது. காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகளில் நிற்கும் தூண்களும் நிலைகளும் அப்படி ஒத்துக்கொண்ட குடும்பங்களின் ஒற்றுமைக்கு அடையாளங்கள். சம்பந்தமில்லாத மூன்றாவது மனிதன் ஒருவன் வருஷச் செலவு இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு, கட்டியவர் இன்னார், கட்டாதவர் இன்னார் என்று எல்லோருக்கும் ஒரே தாளை அனுப்பினால் இந்த நாடகத்தில் பாதி நின்றுபோகும். சித்தப்பாவிடம் கேட்க முடியாததைக் கம்பெனிக்காரன் கேட்பான். அவனுக்குச் சித்தப்பா இல்லை.

கம்பெனிக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் அறை கூட்டியதை மூன்று கோணத்தில் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கூரைப் பக்கமே தலை தூக்காத நிர்வாகமும் உண்டு. மாதம் முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு காவலுக்கு நிற்பவர் கையில் எட்டாயிரத்தை வைக்கிற தரகும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வீட்டைக் கொடுப்பதும் கிழவரிடம் நாலாயிரத்துக்குக் கொடுப்பதும் ஒரே பாவம்தான். நடுவில் ஒருவர் தின்கிறார் என்பதுதான் வித்தியாசம். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். தனியார் காவல் நிறுவனங்களுக்கென்று 2005-லேயே மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் நடத்தக் கூடாது. ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கொடுக்கும் பணத்தில் வீட்டில் நிற்கிற மனிதருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு, அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யார், மழைக்கு முன்னால் ஓட்டின்மேல் ஏறுகிறவர் யார், அவர் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

"அப்படியானால் அந்தக் கிழவரை என்ன செய்வது? தெருவில் விடுவதா?" என்று கேட்பார்கள். நாலாயிரம் கொடுத்தபோது வராத கருணை, கம்பெனி என்றதும் வந்துவிடுகிறது! அவரை எதற்கு ஐயா தெருவில் விட வேண்டும்? அந்த வீட்டில் எந்தக் கதவு எந்த மழைக்கு இறுகும், எந்த அறையில் வௌவால் அடையும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எந்த மேனேஜருக்கும் தெரியாது. அவரை மாதச் சம்பளத்தில், வார விடுமுறையோடு, ராத்திரிக் காவலுக்கு வேறோர் இளைஞரைத் துணைக்குப் போட்டு வைத்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஓட்டின்மேல் மட்டும் ஏறச் சொல்லாதீர்கள்.

வீட்டின் உயிர் போய்விடும் என்று இன்னொரு சாரார் கண்ணீர் விடுகிறார்கள். சம்பளம் கொடுப்பதால் எந்த வீட்டின் உயிரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2011-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 2½ கோடி. செட்டிநாட்டுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல இது. திருவனந்தபுரத்திலிருந்து அமிருதசரஸ் வரைக்கும் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் கட்டிப் பூட்டிய வீடுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் பின்கட்டிலும் ஒரு நம்பிக்கையான ஆள் இருக்கிறார். அவர் சம்பளம் என்ன என்று உடையவரைக் கேட்டுப் பாருங்கள். தொகையைச் சொல்வதற்கு முன்னால், "சாப்பாடு, இருக்க இடம் எல்லாம் நம்முடையதுதானே" என்பார். இடம் கொடுத்ததாகச் சொல்கிறவர் அந்த இடத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம். கொசுவுக்கு மட்டும் நாலாயிரம் தகும்.

செலவு தாங்காது என்பதுதான் கடைசி வாதம். தாங்காதவர்கள் இருக்கிறார்கள், பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1942-ல் நடந்தே வந்தவர்களின் பேரர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்ல. அவர்கள் வீட்டைப் பாதி வாடகைக்கு விடட்டும், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கட்டும், படப்பிடிப்புக்குக் கொடுத்து அந்தப் பணத்தில் ஓடு மாற்றட்டும். அதில் ஒரு குறைவும் இல்லை. நான் அவர்களோடு வாதாடவில்லை. அந்த முகப்பிலே ஒரு கல்யாணத்துக்கு ஒரே நாளில் பூ அலங்காரத்துக்கு மட்டும் லட்சக்கணக்கில் கொடுத்து, பந்தல்காரரிடம் ரசீது வாங்கி, புகைப்படக்காரரோடு ஒப்பந்தம் எழுதி, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்ட மனிதர் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "பார்த்துக்குங்க" என்று காரில் ஏறுகிறவர்களோடுதான் வாதாடுகிறேன்.

வருகிற தை மாதம் அந்தக் கதவுகள் மறுபடி திறக்கும். பங்காளிகளில் பாதிப் பேராவது வருவார்கள். சாமான் அறையைத் திறந்து பட்டியல் எடுக்க ஒரு பகல் போதும். சீட்டு எழுத ஒரு மணி நேரம் போதும். எழுத மேஜைகூடத் தேட வேண்டாம். மேலாட்கள் ரங்கூனிலிருந்து அனுப்பிய ஐந்தொகையை வைத்துப் பார்த்த சாய்வுப் பெட்டி இன்னும் முகப்பில்தான் இருக்கிறது, அதையும் யாரும் சென்னைக்குக் கொண்டு போயிராவிட்டால்.